எந்த மிஷின் சரி?

காலை ஆறரைக்கு லேபின் ஷட்டரைத் தூக்கும்போதே வாசல்படியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்கள், அதனால் பேச்சும் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். அதில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சர்க்கரை மீட்டர் வைத்த சின்ன ஜிப் பையை எடுப்பார். "இங்க பாருங்க, நேத்து காலைல வீட்ல எடுத்தேன், 162. அப்புறம் இங்க வந்து ரத்தம் குடுத்தேன், நீங்க 143ன்னு குடுத்திருக்கீங்க. எந்த மிஷின் சரி?"

இந்தக் கேள்விக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் யோசிக்கவே மாட்டேன். "எங்க மிஷின்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

தொழில் படித்தது மதுரையில். கை பழகியது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சந்து லேபில். 1991. அண்ணாச்சி என்றுதான் அந்த லேப் முதலாளியை ஊரே கூப்பிடும். சர்க்கரை என்றால் அப்போதெல்லாம் முக்கால்வாசிப் பேருக்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான். சோதனைக்குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலமாகவே நின்றால் ஒன்றுமில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக் கடைசியில் செங்கல் சிவப்பு வந்தால் நாலு பிளஸ். ரத்தத்தில் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும் என்பது பொதுக்கணக்கு. வயதானவர்களுக்கு அந்த அணை இன்னும் உயரம். அதனால் 170 இருக்கிறவருக்கும் குழாய் நீலமாகவே நிற்கும், 60 இருக்கிறவருக்கும் நீலம்தான். "நேத்து மலையில பெஞ்ச மழைய இன்னிக்கு வாய்க்கால்ல பாத்துச் சொல்லுதோம்டா" என்பார் அண்ணாச்சி. அதை வைத்துத்தான் ஊசியின் அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். அந்தக் காலத்து நோயாளிகளை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

பிறகு சொட்டு ரத்தம் விடும் பட்டைகள் வந்தன. சொட்டை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் காத்து, பஞ்சால் துடைத்து, இன்னும் ஒரு நிமிஷம் கழித்து டப்பாவின் பக்கவாட்டில் அச்சிட்ட வண்ணத்தோடு ஒப்பிட வேண்டும். துடைப்பதில் அழுத்தம் மாறினால் நிறம் மாறும். சத்திரப்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி ஓடும் ஊர்க்காரர்கள் நாங்கள், பஞ்சுக்கும் துணிக்கும் குறைவில்லை. ஆனால் துடைக்கிற கை ஆளுக்கு ஆள் வேறு.

இந்த நிறத்தைக் கண்ணுக்குப் பதிலாக ஒரு கருவியே படிக்கட்டும் என்று அமெரிக்காவில் ஏம்ஸ் கம்பெனியில் ஆன்டன் கிளெமென்ஸ் 1970 வாக்கில் செய்ததுதான் முதல் மீட்டர். ஒரு கிலோவுக்கு மேல் எடை. நோயாளிக்காகச் செய்ததல்ல, டாக்டரின் மேஜைக்காகச் செய்தது. இன்று சட்டைப்பையில் கிடப்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி. இது நிறம் பார்ப்பதில்லை, மின்சாரம் அளக்கிறது. பட்டையின் நுனியில் ஒரு என்சைம் தடவியிருக்கும். அது குளுக்கோஸைப் பிடித்து உடைக்கும்போது எலக்ட்ரான்கள் கிளம்பும். எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதை மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. என்சைமை மின்முனையோடு சேர்க்கும் யோசனை லேலண்ட் கிளார்க் என்பவருடையது, 1962.

இந்த மீட்டர் எவ்வளவு தப்பலாம் என்பதற்கும் ஒரு சர்வதேச விதி இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 15197 என்று பெயர். 2013இல் இறுக்கிய கணக்குப்படி, 100க்குக் கீழே 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். 100க்கு மேலே நூற்றுக்குப் பதினைந்து. அதுவும் நூறு தடவையில் 95 தடவைக்குத்தான் இந்தக் கணக்கு. நிஜம் 200 என்றால் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் மீட்டர் பாஸ். மேல்பக்கம் பெரிய ஆபத்தில்லை. கீழ்ப்பக்கம்தான் எனக்குப் பயம். 70க்குக் கீழே போனால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். நிஜத்தில் 58 இருக்கிறவருக்கு மீட்டர் 72 காட்டலாம், விதிப்படி அதுவும் பாஸ்தான். வேர்க்கிறது, கை நடுங்குகிறது, மீட்டர் 72 என்கிறது என்றால் நடுக்கத்தைத்தான் நம்ப வேண்டும். முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் இன்னொரு சங்கதி. விரல் நுனியில் ஓடுவது தசைக்குப் போகிற வழியில் இருக்கும் ரத்தம். நான் முழங்கை மடிப்பில் எடுப்பது தசை தன் பங்கைத் தின்றுவிட்டுத் திருப்பி அனுப்பிய ரத்தம். வெறும் வயிற்றில் ரெண்டும் ஏறக்குறைய ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு விரலில் இருபது முப்பது கூட இருக்கும், சில பேருக்கு அதற்கு மேலும். ரெண்டு மிஷினும் சரியாகவே இருந்தாலும் எண்கள் ஒத்துப்போகாது. இதைக் கவுன்டரில் நின்று விளக்கினால் பாதிப் பேர் நான் மழுப்புவதாகத்தான் நினைக்கிறார்கள்.

ஆனால் மீட்டரின் தப்பைவிட விரலின் தப்பு பெரிது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாம்பழக்கார அக்கா.

எங்கள் ராஜபாளையத்தில் மாம்பழம் கொஞ்சம் கௌரவமான விஷயம். சித்திரை பிறந்ததும் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டை இறங்கத் தொடங்கும். அய்யனார் கோயில் போகும் ரோட்டோரம் சாக்கை விரித்துக் குவித்திருப்பார்கள். வாங்க வருகிறவன் சும்மா வாங்க மாட்டான், ஒரு கீற்று வெட்டிக் கையில் கொடுத்தால்தான் விலையே பேசுவான். நாள் முழுக்க வெட்டிக் கொடுப்பதுதான் அந்த அக்காவின் வேலை. ஐம்பத்து மூன்று வயது, காலையும் இரவும் இன்சுலின். மகன் வாங்கிக்கொடுத்த மீட்டரில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். பங்குனி வரை 130, 145 என்று சாதுவாகப் போன நோட்டு, சித்திரையில் 280, 310 என்று எகிறியது. டாக்டர் ஊசியை ரெண்டு தடவை கூட்டினார். ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு அக்கா பாயில் வேர்த்து நனைந்து, பேச்சுக் குழறிக் கிடந்தார். புருஷன் பதறிப்போய் வாயில் பால்கோவாவைத் திணித்திருக்கிறார். வீட்டில் இருந்த இனிப்பு அதுதான். பால்கோவாவில் கொழுப்பு அதிகம், சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரையைக் கரைத்துப் புகட்டியதில்தான் தெளிந்திருக்கிறார்.

டாக்டர் எச்பிஏ1சி எடுக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார். 6.9. அப்படியென்றால் மூன்று மாதச் சராசரி 150க்குப் பக்கம். நோட்டோ 300 என்கிறது. கூட வந்த மருமகள் என் முன்னாலேயே சொன்னது: "திங்கிறதையும் தின்னுட்டு ராத்திரியில எல்லாரையும் பதற வைக்காக. பழத்த முன்னால வச்சுக்கிட்டு வாய் சும்மா இருக்குமா?"

அக்கா என்னைத்தான் பார்த்தார். "தம்பி, எம்புள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன். இந்த வருசம் ஒரு கீத்து வாயில வைக்கல."

மணி பதினொன்று இருக்கும். நேராகச் சாக்கிலிருந்து எழுந்து வந்திருந்தார். வலது கை விரல்களின் ஓரத்தில் பழச்சாறு காய்ந்து மஞ்சள் மஞ்சளாய், நகக்கண்ணில் நார். அவருடைய மீட்டரையே வாங்கி, அந்த விரலில் அப்படியே குத்தினேன். 268. அதே விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி. 203. பின்கட்டுக் குழாய்க்கு அனுப்பி, சோப்புப் போட்டு ரெண்டு கையையும் தேய்த்துக் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்து, மூன்றாவது தடவை. 128. கைமடிப்பில் எடுத்து, அணுக்கள் பிரிய உடனே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பார்த்தது 121. மருமகள் மீட்டரின் மூன்று எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அக்காதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் திங்கலதான?" என்று என்னிடம் கேட்டார். தனக்கே சந்தேகம் வந்துவிட்டது போல.

கணக்குப் பார்த்தால் ஆச்சரியமில்லை. இப்போதைய பட்டைகள் உறிஞ்சுவது அரை மைக்ரோலிட்டர் ரத்தம். 200 என்று காட்டும் சொட்டில் இருக்கும் குளுக்கோஸ் மொத்தமே ஒரு மைக்ரோகிராம். கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாம்பழச் சாற்றில் குளுக்கோஸின் அடர்த்தி அதைப்போலப் பல மடங்கு. தோலில் காய்ந்து ஒட்டிய சாறு துளியூண்டு கரைந்தால் போதும். ஜப்பானில் 2011இல் இதையே ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழம் உரித்த கைகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும் எண் பொய்யாக ஏறியே இருந்தது, தண்ணீரில் கழுவிய பிறகுதான் அடங்கியது.

இந்தக் கதையை ஸ்ரீவில்லிபுத்தூரில் சொன்னால், "அப்ப எங்க பால்கோவாக் கடை ஆளுகள்லாம்?" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, என் விரலில் பால்கோவாவைப் பிசைந்து பார்த்தேன். கழுவிய கையில் 94, பால்கோவாக் கையில் 99. பால்கோவாவில் போடுவது வெள்ளைச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்கிற பண்டம் அது, பிரிந்து வந்தால்தான் பட்டையிலுள்ள என்சைமுக்கு அடையாளம் தெரியும். பாலில் இருப்பது லாக்டோஸ், அதையும் அது கண்டுகொள்ளாது. பழத்திலும் தேனிலும் குளுக்கோஸ் தனியாகவே இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தின் மேல் வீண்பழி வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதற்காக அந்தப் பிசுக்கோடு குத்திக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை.

மில் பெண்களிடம் வேறு மாதிரிச் சிக்கல். ஸ்பின்னிங்கில் சைடராக இருக்கிறவர்களுக்கு விரல் நுனிதான் சோறு. அறுந்த நூலை நொடியில் பிடித்து ஒட்ட வேண்டும். ஆள்காட்டி விரலில் குத்தினால் ஷிப்ட் முழுக்க எரியும். அதனால் சுண்டு விரலின் ஓரத்தில் லேசாகக் குத்திவிட்டு, சொட்டு வராமல், மாட்டு மடியைக் கறக்கிற மாதிரி பிதுக்குவார்கள். வருவது பாதி ரத்தம், பாதி சதைநீர். எண் எப்படிச் சரியாக வரும்? இன்னொன்று, நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் எப்போதும் ஈரக்காற்று ஓடும். ஒரு பெண் பட்டை டப்பாவை ஷிப்டுக்குக் கொண்டுபோய், அவசரத்தில் மூடியைச் சரியாக அழுத்தாமலே ரெண்டு மாதம் உபயோகித்திருந்தாள். அந்தப் பட்டைகளில் காலையில் 210, ஐந்து நிமிஷம் கழித்து 150. டப்பா மூடியின் உள்பக்கத்தில் இருப்பது ஈரம் உறிஞ்சும் மருந்து. அந்த மூடி 'டக்'கென்று சத்தம் போட்டால்தான் மூடியதாகக் கணக்கு.

அதே பெண்களில் பலருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7 இருக்கிற உடம்பில் சிவப்பணு குறைவு, நீர்ப்பகுதி அதிகம். பட்டையில் ஏறும் சொட்டில் சர்க்கரை தாங்கிய நீரே கூடுதலாகப் போவதால் மீட்டர் நிஜத்தைவிட உயர்த்திக் காட்டும். ரத்தம் கெட்டியானவர்களுக்கு இதற்கு நேரெதிர். புது மீட்டர்கள் இதை ஓரளவு சரிக்கட்டுகின்றன, மலிவானவை கட்டுவதில்லை. போதாக்குறைக்கு இரும்புச்சத்துக் குறைவில் எச்பிஏ1சியும் சற்று ஏறும். ரெண்டு சாட்சியும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் டாக்டர் என்ன செய்வார்? அதனால் சர்க்கரைக்கு மட்டும் சீட்டு கொண்டுவரும் பெண்களின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, வெளுத்திருந்தால் டாக்டருக்கு ஒரு போன் போட்டு ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கவா என்று கேட்பேன். காசு பிடுங்குகிறேன் என்று சிலர் சொல்வதும் காதில் விழத்தான் செய்கிறது.

சிங்கப்பூர்ப் பேரன் வாங்கிவந்த மீட்டரின் கதை சிரிக்க வைப்பது. தாத்தாவுக்கு அது காட்டியது 11.2. "பதினொண்ணுதானா, உசுர் போயிரும்டா" என்று வீடே கூடி அவருக்கு மூன்று டம்ளர் பாயசம் கொடுத்துவிட்டது. அந்த ஊர்க் கணக்கு மில்லிமோல். 18ஆல் பெருக்கினால்தான் நம் கணக்கு வரும், அதாவது 200க்கும் மேல். பாயசத்துக்குப் பிறகு என்னிடம் வந்தபோது 340.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு சேத்தூர், முகவூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையிலேயே தன்னார்வலப் பெண்கள் மீட்டரோடு வந்து உட்கார்கிறார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டின் சர்க்கரைக்காரர் கணக்கு நூற்றுக்கு 14.4. இந்த ஜனத்தொகையை லேபுக்கு வரவழைத்து மாளாது, மீட்டர்தான் வழி. சர்க்கரை இருக்கிறவரைக் கவனிக்கவும், சந்தேகத்துக்குரியவரைப் பிரித்தெடுக்கவும் அது போதும். ஆனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கச் சர்க்கரைக்காரர் என்று பெயர் வைப்பதற்கு, வெறும் வயிற்றில் 126 என்ற கோட்டை நரம்பு ரத்தத்தில் லேபில்தான் பார்க்க வேண்டும். மீட்டர் 129 காட்டியதை வைத்துக் கல்யாணம் நின்ற வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

லேபில் பார்த்தால் மட்டும்? இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2004 கோடை. சொந்த லேப் தொடங்கி மூன்று வருஷம். வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க ஒரு பையனை வைத்திருந்தேன். விடிகாலை சைக்கிளில் கிளம்பினால் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டுப் பத்து மணிக்குத்தான் வருவான். ட்யூப்கள் ஒரு துணிப்பையில். சாதா ட்யூப், மருந்து போட்டதல்ல. சேத்தூரில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர், எழுபதை நெருங்குகிறவர். வெளியூரிலிருந்த மகள் வாங்கிக்கொடுத்த மீட்டர் வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு அது அதிசயம். அவர் மீட்டரில் காலை 171. ஆறரைக்கு எடுத்த ரத்தத்தில் என் ரிப்போர்ட் 138. மூன்று மாதமாக இதே மாதிரி வித்தியாசம். மீட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"எது சரி தம்பி?"

"ஐயா, இது வெளயாட்டுச் சாமான். தூக்கிப் பரண்ல போடுங்க."

போட்டுவிட்டார். என் 138ஐப் பார்த்து மாத்திரை அப்படியே தொடர்ந்தது. கார்த்திகையில் காலில் புண்ணோடு வந்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புண்ணுக்கு என் ரிப்போர்ட்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதற்கு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் லேபுக்கே வந்து உட்கார்ந்து, உடனே எடுத்து உடனே பார்த்தபோது 196 வந்தது. "பரண்ல போட்டத எறக்கலாமா தம்பி?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் கையிலேயே ரத்தம் எடுத்து நாலு சாதா ட்யூபில் பிரித்தேன். முதல் ட்யூபை உறைந்த கையோடு சுற்றிப் பார்த்தேன், 94. மற்றதை மேஜை மேல் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து 88. ரெண்டு மணி நேரத்தில் 82. மூன்றில் 77. பாடப்புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, பிரித்தெடுக்கும் வரை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்திலேயே மணிக்கு ஐந்திலிருந்து ஏழு சதம். ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடி ட்யூபும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுசாகத் தடுக்காது என்பதையும் பிறகு அளந்து பார்த்தேன். சைக்கிளில் சேத்தூர் வெயிலில் மூன்றரை மணி நேரம் சுற்றிவந்த ட்யூபில் 171 இருந்த இடத்தில் 138 இருந்ததில் என்ன அதிசயம்? என் மிஷின் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த ரத்தம்தான் வழியெல்லாம் இளைத்துவிட்டது. விளையாட்டுச் சாமான்தான் நிஜத்தைச் சொல்லியிருக்கிறது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் வீட்டுக்குப் போய் எடுப்பதை நிறுத்தினேன். வருமானம் பாதியாயிற்று. வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தரப் பரிசோதனையில் பதிவுசெய்துகொண்டேன். அங்கிருந்து மாதாமாதம் விடை தெரியாத சாம்பிள் வரும், நாம் சொல்லும் எண்ணை மற்ற லேப்களோடு வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். அதில் நான் எப்போதும் நன்றாகவே வாங்கினேன். அந்தச் சாம்பிள் சைக்கிளில் வருவதில்லையே!

இப்போது மீட்டரோடு வருகிறவரிடம் எது சரி என்று நான் சொல்வதில்லை. வெறும் வயிற்றில் மீட்டரையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு லேபுக்கு வரச் சொல்கிறேன். கை கழுவி அவரே குத்துவார், அதே ஐந்து நிமிஷத்துக்குள் நான் கையில் எடுத்து உடனே சுற்றிவிடுவேன். ரெண்டு எண்ணையும் அவர் நோட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். வித்தியாசம் நூற்றுக்குப் பதினைந்துக்குள் இருந்தால் மீட்டரை வைத்துக்கொள்ளலாம். சேத்தூர் ஐயா இருந்தவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுவார். கடைசியாக வந்தபோது அவருடையது 148, என்னுடையது 141. "ஒனக்குத்தான் ஏழு கொறச்சல்" என்றார்.

மாம்பழக்கார அக்காவுக்குப் பிறகு வாசலிலேயே ஒரு குழாய் போட்டு, சோப்பும் துண்டும் வைத்தேன். துண்டு பத்திரமாக இருக்கிறது. சோப்புதான் வாரத்துக்கு ஒன்று காணாமல் போகிறது. இப்போது ஓட்டை போட்டு நூல்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மில் நூல்தான், லேசில் அறாது.